மலைக்கு மலை வை-ஃபை: குறைந்த செலவில் தொலைதூர இணையம் – ஒரு பாடம்



செம்மேடு பேருந்து நிலையத்தின் பக்கம் நின்றால் செல்போனில் படம் தடையில்லாமல் ஓடும். அங்கிருந்து ஒரு சரிவு இறங்கி, மிளகுத் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு கோடு கூடக் காட்டாது. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ஓ.டி.பி. வரவில்லை என்று பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறி நிற்பதை நாம் பார்க்கிறோம். ஆதார் திருத்தம், வருமானச் சான்று, மருத்துவமனை முன்பதிவு எல்லாமே இணையத்தில் வந்துவிட்ட காலத்தில், சிக்னல் இல்லாத வீடு பாதை இல்லாத வீடு போலத்தான்.

மேட்டில் இருக்கும் ஒரு வீட்டில் இணையம் இருக்கிறது. பள்ளத்துக்கு அப்பால் மூன்று நான்கு கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு வீட்டில் இல்லை. இந்த இரண்டையும் சில ஆயிரம் ரூபாய்க் கருவிகளால் இணைக்க முடியுமா? முடியும். வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வை-ஃபை தொழில்நுட்பம்தான் அதற்கும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடுகிறது, எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதை இந்த இதழில் படிப்போம். படிக்கும் பிள்ளைகள் கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்கவும்.

தேனியில் நடந்தது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. அதன் தேனிக் கிளைக்கு ஒரு சிக்கல் இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஏழை ஒருவர் கண்ணில் சிவப்பு என்றாலும், மங்கல் என்றாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, பேருந்துக் கட்டணம் கொடுத்து வர வேண்டும். வந்த பிறகு, கண்ணாடி மட்டும் போதும் என்று தெரியவரும். பலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

அதற்காக அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர் போன்ற ஊர்களில் சிறு கண் மையங்களைத் திறந்தார்கள். (இந்த அம்பாசமுத்திரம் தேனியை அடுத்த சிற்றூர், திருநெல்வேலிப் பக்கத்து ஊர் அல்ல.) மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார், மருத்துவர் தேனியில் இருப்பார். இருவரையும், நோயாளியையும் வீடியோவில் இணைக்க வேண்டும். அப்போது கிராமங்களில் அதற்கேற்ற வேகமான இணையம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு, இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து அரவிந்துக்குத் துணை நின்றது. சாதாரண வை-ஃபை அட்டை, சிறிய கணினிப் பலகை, திசை நோக்கிய ஆண்டெனா ஆகிய மூன்றையும் கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் அலைப்பாதை அமைத்தார்கள். 2006 வாக்கில் தேனி மருத்துவமனை ஐந்து கண் மையங்களுடன் இப்படி இணைந்திருந்தது. வீடியோவில் மருத்துவர் நோயாளியிடம் நேரில் பேசுவது போலப் பேசி, யார் தேனிக்கு வர வேண்டும், யாருக்கு அங்கேயே மருந்தோ கண்ணாடியோ போதும் என்று சொன்னார்.

இதற்காக அவர்கள் மாதாமாதம் யாருக்கும் கட்டணம் கட்டவில்லை. மருத்துவமனைக்கும் மையத்துக்கும் இடையே ஓடியது அவர்களுடைய சொந்த அலைப்பாதை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறு ஒன்று. அந்தக் குழுவே பின்னர் எழுதிய ஆய்வறிக்கையில், தங்களுக்கு வந்த தொல்லைகளில் மிகப் பெரும்பாலானவை மின்சாரத்தால் வந்தவை என்று பதிவு செய்தார்கள். அலைகள் கிலோமீட்டர்களைத் தாண்டிவிட்டன. கீழே இருந்த பிளக்கும் பேட்டரியும்தான் காலை வாரின. ஆகவே இந்தப் பாடத்தின் பாதி அலையைப் பற்றியது, மறுபாதி பராமரிப்பைப் பற்றியது.

பாடம் 1: அலையைக் குவிப்பது

வீட்டு ரவுட்டர் அரிக்கேன் விளக்கு போன்றது. எல்லாப் பக்கமும் வெளிச்சம் தரும், தூரம் போகாது. அதே சுடருக்குப் பின்னால் குழிந்த கண்ணாடியை வைத்தால் டார்ச் லைட். வெளிச்சம் ஒரே பக்கம் குவிந்து வெகுதூரம் போகும். டிஷ் ஆண்டெனா செய்வது இதைத்தான். புதிதாக ஆற்றல் எதையும் அது உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு திசைக்குத் திருப்புகிறது.

இப்போது கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச்சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. வெட்டவெளியில் 100 மீட்டரில் சாதாரண ரவுட்டர் நன்றாக எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் என்பது அதைப்போல 50 மடங்கு தூரம். 50 × 50 = 2,500. அதாவது ஆற்றல் 2,500-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது? வீட்டு ரவுட்டர் அனுப்புவது சுமார் 0.1 வாட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஆண்டெனாவால் குவித்த பிறகு 4 வாட்டுக்கு நிகரான ஆற்றல் வரை அனுப்பச் சட்டம் அனுமதிக்கிறது. அது 40 மடங்கு. கேட்கும் பக்கத்தில் 24 டெசிபெல் ஆதாயம் உள்ள கம்பிவலை டிஷ் வைத்தால், வரும் அலையை அது சுமார் 250 மடங்கு சேர்த்துப் பிடிக்கும். 40 × 250 = 10,000. இழப்பு 2,500 மடங்கு, ஈடு 10,000 மடங்கு. ஆக 5 கிலோமீட்டருக்கு அப்பால், ரவுட்டரிலிருந்து 100 மீட்டரில் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு சிக்னல் கிடைக்க வேண்டும். வித்தை ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான்.

இதன் எல்லையைச் சோதித்தவர் வெனிசுவேலா நாட்டின் எர்மான்னோ பியெட்ரோசெமோலி. 2007-ல் ஆண்டிஸ் மலையின் உச்சி ஒன்றிலிருந்து 382 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்னொரு மலைக்கு வை-ஃபை இணைப்பை எட்ட வைத்தார். இரு முனையும் மலைமேல் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. சமவெளியில் அப்படி இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி. கங்கைச் சமவெளிக் கிராமங்களை வை-ஃபை மூலம் இணைத்தபோது, மரங்களுக்கு மேலே போக உயரமான இரும்புக் கம்பங்கள் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட இடங்களில் கருவியை விடக் கம்பத்துக்கே செலவு அதிகம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே குடியிருக்கும் நமக்கு அந்த உயரம் இலவசமாகவே கிடைத்திருக்கிறது.

பாடம் 2: பார்வைக்கோடும் சில்வர் ஓக் மரமும்

இரண்டு டிஷ்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இடையில் குன்றின் தோள் வந்தால் இணைப்பு இல்லை. அப்படியானால் இரண்டையும் பார்க்கும் மூன்றாவது மேட்டில் ஒரு நிறுத்தம் வைத்து அங்கிருந்து திருப்பிவிட வேண்டும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் போலப் போவதில்லை. நடுவில் பருத்த வாழைப்பூ வடிவில் விரிந்து, மறுமுனையில் குவிகிறது. 5 கிலோமீட்டர் பாதையின் நடுவில் இந்த வடிவத்தின் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 12 மீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 8 மீட்டர். இதில் பத்தில் ஆறு பங்காவது தடையின்றி இருக்க வேண்டும். அதாவது நேர்க்கோட்டைச் சுற்றி முறையே ஏழரை மீட்டரும் ஐந்து மீட்டரும் வெட்டவெளியாக வேண்டும்.

நம் மலையில் இதுதான் பெரிய பொறி. மிளகுக் கொடி ஏற்றுவதற்கு வைத்த சில்வர் ஓக் இன்று கோட்டுக்குக் கீழே இருக்கும். சில ஆண்டுகளில் கோட்டைத் தொட்டுவிடும். "நல்லாத்தான் இருந்துச்சு, இப்போ தானா கெட்டுப்போச்சு" என்று கருவியைக் குறை சொல்வோம். இலையில் நீர் இருக்கிறது. நீர் அலையை விழுங்கும். மழையில் நனைந்த மரம் இன்னும் மோசம். ஆகவே இடம் பார்க்கும்போது இன்றைய மரத்தை மட்டும் பார்க்காமல், அது முழு வளர்ச்சி அடையும்போது எவ்வளவு உயரம் போகும் என்று தோட்டக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஷைத் திருப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும், முனைக்கு ஒருவர். ஒருவர் அசையாமல் வைத்திருக்க, மற்றவர் மெதுவாக இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் திருப்பி, கருவி காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். மைனஸ் 60 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 80 என்றால் தடுமாறும். முதலில் கிடைத்த நல்ல எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். டிஷின் முதன்மை ஒளிக்கற்றைக்குப் பக்கத்தில் பலவீனமான கிளைக்கற்றைகளும் உண்டு. அதில் மாட்டிக்கொண்டால் "இவ்வளவுதான் வரும்" என்று நினைத்துவிடுவோம். அகலமாக ஒரு முறை திருப்பிப் பார்த்து, உச்சம் எங்கே என்று உறுதி செய்த பிறகே நட்டை முறுக்க வேண்டும்.

பாடம் 3: பதில் வரும் வரை காத்திருப்பது

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிறோம். அவர் குரல் திரும்பி வருவதற்குள் மறுபடி கூப்பிட்டால் இரண்டு குரலும் கலந்துவிடும். வை-ஃபையும் இப்படித்தான். ஒரு கருவி செய்தி அனுப்பினால் மற்றது "கிடைத்தது" என்று உடனே பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், போய்ச்சேரவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பும். வீட்டுக்குள் பயன்படுத்தச் செய்யப்பட்டதால், அது காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு.

அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ நொடி, போய்வர 100. சாதாரண வை-ஃபை அவ்வளவு பொறுப்பதில்லை. செய்தி நல்லபடியாகப் போய்ச்சேர்ந்திருந்தும் திரும்பத் திரும்ப அனுப்பி வேகத்தைக் கெடுத்துக்கொள்ளும்.

பெர்க்லி குழு இதற்காக மென்பொருளை மாற்றியது. ஒரு முனை பேசும் நேரம், மறுமுனை பேசும் நேரம் என்று முறை வைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் கேட்காமல் மொத்தமாகக் கேட்க வைத்தது. ரபின் பாத்ரா, சோனேஷ் சுரானா முதலிய ஆய்வாளர்கள் இதில் உழைத்தவர்கள். இன்று யுபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் போன்றவர்களின் வெளிப்புறக் கருவிகளில் முறை வைத்துப் பேசும் வசதி உள்ளேயே வருகிறது. அமைப்புப் பக்கத்தில் தூரத்தைக் கேட்கும் இடத்தில் சரியான தூரத்தை, கொஞ்சம் கூட்டியே, கொடுங்கள். வீட்டு ரவுட்டரையே டிஷோடு கட்டிப் பார்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாடம் 4: மின்சாரம், இடி, தண்ணீர்

தென்னிந்தியக் கிராமத்து மின்கம்பியில் ஆயிரம் வோல்ட்டைத் தொடும் திடீர்த் தாவல்களை அந்தக் குழு அளந்து பதிவு செய்தது. ஒரு நொடிக்குள் வந்து போகும் அந்தத் தாவல் அடாப்டரை எரிக்கும். மின்னழுத்தம் மிகவும் குறைந்தாலும் தொல்லை: கருவி பாதி உயிரோடு தொங்கி நிற்கும், தானாக மீளாது. அடிக்கடி மின்சாரம் போய்வந்தால் நினைவக அட்டையில் இருக்கும் மென்பொருளும் கெடும்.

இதற்கு மருந்து, கருவியை நேரடியாகப் பிளக்கில் செருகாமல் பேட்டரி வழியாக ஓட்டுவது. கருவி 8 வாட் எடுக்கிறது என்போம். ஒரு நாளைக்கு 8 × 24 = 192 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 480 வாட்-மணி இருக்கும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 240 வாட்-மணிதான் நம் கையில். அது 30 மணி நேரம் தாங்கும். சூரிய தகடு வைப்பவர்கள், மூடுபனி மாதங்களில் வெயில் குறைவு என்பதை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

மேட்டின் உச்சியில் நிற்கும் இரும்புக் கம்பம் இடிக்கு அழைப்பு. கம்பத்துக்கு முறையான எர்த், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் ஆகிய இரண்டும் கட்டாயம். நேரடியாக விழும் இடியை இவை தடுக்காது. அக்கம்பக்கத்து இடியால் கேபிளில் ஏறும் மின்சாரத்தைப் பெரும்பாலும் தரைக்கு அனுப்பிவிடும். எர்த் வேலையைப் பழகிய எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். மேகம் கறுத்தால் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது; பிள்ளைகளை மாடிக்கே விடாதீர்கள்.

கேபிள் விஷயத்தில் மூன்று சொற்கள். வெயில் தாங்கும் வெளிப்புற கேபிளையே வாங்குங்கள். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் வராது. கருவிக்கு மின்சாரமும் இந்த கேபிள் வழியாகவே போகும். சில கருவிகளுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48 வோல்ட். மாற்றிச் செருகினால் கருவி வீண். எந்த அடாப்டர் எதற்கு என்று பெயின்டால் எழுதி வையுங்கள்.

பாடம் 5: சட்டம் என்ன சொல்கிறது?

2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் பங்கும் அப்படியே திறந்துவிடப்பட்டது. ஆற்றல் வரம்பு மட்டும் பகுதிக்குப் பகுதி மாறும். கருவியின் அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் அது வரம்புக்குள் நிற்கும். வேகம் கூடும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பது சட்டமீறல். பக்கத்திலிருப்பவரின் இணைப்பையும் கெடுக்கும்.

அலைக்கு உரிமம் வேண்டாம் என்பதால் இணையத்தை விற்கலாம் என்று ஆகாது. காசு வாங்கிக்கொண்டு ஊருக்கு இணையம் கொடுப்பது உரிமம் பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். உங்கள் வீட்டிலிருந்து உங்கள் தோட்டத்துக்கோ கடைக்கோ கொண்டு போவது வேறு. அப்போதும், இணைப்புத் தந்த நிறுவனத்திடம் இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடை வைத்திருப்பவர்கள் பொதுமக்களுக்கு வை-ஃபை தர விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்து, தனி உரிமம் இல்லாமல் சிறு கடைக்காரரும் அதில் நடத்தலாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் காவல்துறை முதலில் வரும் என்பதால், கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைக்காதீர்கள்.

கடைசிப் பாடம்: யார் பொறுப்பு?

தேனியில் இணைப்பு நிலைத்தது கருவி சிறந்தது என்பதால் மட்டும் அல்ல. வெளிநாட்டுக் குழு திரும்பிப் போன பிறகு யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மருத்துவமனை பதில் வைத்திருந்தது. அங்குள்ள ஊழியர்களே கற்றுக்கொண்டார்கள். எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த கேபிள் எந்தத் துளைக்கு, எப்போது பேட்டரி மாற்ற வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது.

நாமும் செலவுக் கணக்குக்கு முன் ஆள் கணக்கைப் போட வேண்டும். சேர்ந்து பணம் போட நினைக்கும் குடும்பங்கள், கருவி வாங்கும் முன்பே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் வெளியூரில் படிக்கவோ வேலைக்கோ போனால் மற்றவர் இருக்க வேண்டும். இருவரில் ஒருவர் வீட்டில் இருக்கும் சகோதரியாக இருந்தால் இன்னும் நல்லது; பகலில் இணைப்பு நின்றால் உடனே பார்ப்பவர் அவர்தான். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: எந்தத் தேதியில் நின்றது, என்ன காரணம், என்ன செய்தோம், எவ்வளவு செலவு. கருவி விலையில் ஒரு பங்கைப் பேட்டரிக்கும் மாற்று அடாப்டருக்கும் தனியே ஒதுக்குங்கள். இந்த நான்கும் இல்லாமல் வாங்கினால், ஓராண்டில் அது மாடியில் காக்கை உட்காரும் தட்டாகிவிடும்.

செல்போன் சிக்னலோ கண்ணாடியிழை கேபிளோ உங்கள் வாசலுக்கே வந்துவிட்டால் இந்த வேலையே தேவையில்லை, அதையே வாங்குங்கள். வராத பள்ளங்களுக்குத்தான் இந்தப் பாடம்.

செய்து பார்க்க

1. தூரம் 2 கிலோமீட்டர். 100 மீட்டரோடு ஒப்பிட்டால் ஆற்றல் எத்தனை மடங்கு குறையும்? 10,000 மடங்கு ஈடு இருந்தால் எவ்வளவு மிஞ்சும்?

2. கருவி 6 வாட். பேட்டரி 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி. பாதியை மட்டும் பயன்படுத்தினால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

3. வெயில் நாளில் மொட்டை மாடியில் நின்று, எதிர் மேட்டில் இருப்பவரை முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளி அடிக்கச் சொல்லுங்கள். தெரிகிறதா? இடையில் உள்ள மரங்கள் எவை, இன்னும் எவ்வளவு வளரும் என்று எழுதுங்கள்.

4. உங்கள் பகுதியில் பொறுப்பேற்கக்கூடிய இருவரின் பெயரை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

விடைகள்: (1) 400 மடங்கு குறையும், 25 மடங்கு மிஞ்சும். (2) 60 மணி நேரம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் விடை உங்களிடம்தான் இருக்கிறது. நான்காவதை முதலில் முடித்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.